சிவப்புச் சாயம் பூசிய அடிபம்பு

வங்கதேசத்துக் கிராமங்களில் அடிபம்புகளுக்கு இரண்டு நிறங்களில் சாயம் பூசினார்கள். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் மட்டும் வைக்கக்கூடாது. 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் நாடு முழுக்க ஏறத்தாழ 50 லட்சம் பம்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் சுமார் 14 லட்சம் பம்புகள் சிவப்பாயின.

சாயத்தை அழித்துவிட்டால் நல்ல பம்பு எது, கெட்ட பம்பு எது என்று யாராலும் சொல்ல முடியாது. சிவப்புப் பம்புகளின் தண்ணீரில் இருந்தது ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம். அது கலந்த தண்ணீருக்கு அதனால் நிறம் மாறாது, வாடை வராது, நாக்கிலும் எதுவும் தட்டுப்படாது. நம் ஊரில் எந்தத் தண்ணீருக்கும் "காய்ச்சிக் குடி" என்போமே, அந்த வைத்தியம் இதனிடம் செல்லாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும். ஆர்சனிக் அடியிலேயே தங்கி இன்னும் செறிவாகும்.

இந்தக் கதையில் என்னை மிகவும் வாட்டுவது, இதைத் தொடங்கிவைத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்பதுதான். 1960-கள் வரை அந்த டெல்டா மக்கள் குளத்து நீரையும் மேலோட்டமான கிணற்று நீரையும் குடித்தார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. நிலத்தடி நீரில் அந்தக் கிருமிகள் இல்லை. ஆகவே 1970-களிலிருந்து யுனிசெஃப் அமைப்பின் துணையோடு அரசு ஊர் ஊராகக் குழாய்க் கிணறு இறக்கியது. மண் மென்மையான வண்டல். இரண்டு மூன்று ஆட்கள் கையாலேயே ஒரு நாளில் குழாயை இறக்கிவிடுவார்கள். செலவும் குறைவு. வசதி வந்தவர்கள் தங்கள் முற்றத்திலேயே சொந்தமாகப் பம்பு போட்டுக்கொண்டார்கள். 1990-களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பம்பு நீர்தான் குடித்தார்கள். குழந்தைச் சாவு குறைந்தது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. வழக்கமாகச் செய்யும் குடிநீர்ப் பரிசோதனைகளின் பட்டியலில் அது இல்லவே இல்லை.

முதலில் கண்டுபிடித்தவர் தண்ணீர் நிபுணர் அல்லர், ஒரு தோல் மருத்துவர். கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் இருந்த கே.சி. சாஹா 1980-களின் தொடக்கத்தில் மேற்கு வங்கக் கிராமத்தார் சிலரின் தோலைப் பார்த்து, இது ஆர்சனிக் நஞ்சு என்று சொன்னார். நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்துப்போன முண்டுகள். எல்லை தாண்டி வந்த நோயாளிகளும் அவரிடம் இருந்தார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி 1988-இலிருந்து ஊர் ஊராகப் போய்த் தண்ணீரும் முடியும் நகமும் சேகரித்து அளந்துகொண்டே இருந்தார். கூப்பாடு போடுகிறார், பீதி கிளப்புகிறார் என்றெல்லாம் சொன்னவர்கள் உண்டு. 2018-இல் மறையும்வரை அவர் நிறுத்தவில்லை. வங்கதேச அரசுத் துறை தன் பக்கத்து நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பதை உறுதிசெய்தது 1993-இல், சபாய் நவாப்கஞ்சில். 2000-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை, வரலாற்றிலேயே ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த மிகப் பெரிய நஞ்சூட்டல் இது என்று எழுதியது. பன்னிரண்டரைக் கோடி மக்களில் மூன்றரைக் கோடியிலிருந்து 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருக்கலாம் என்பது அன்றைய கணிப்பு.

இதற்கு நடுவில் 1992-இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரை ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தது. பல தனிமங்களை அளந்தவர்கள் ஆர்சனிக்கை அளக்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவரின் பெயரில் இங்கிலாந்தில் வழக்குப் போட்டார்கள். அளக்காமல் விட்டதற்கு அந்த நிறுவனம் பொறுப்பாகாது என்று 2006-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு தனிமம் பட்டியலில் விடுபட்டதால் இத்தனை பேர் இன்னும் சில ஆண்டுகள் அதே தண்ணீரைக் குடித்தார்களே என்று நினைக்கும்போது ஆறவில்லை.

இந்த ஆர்சனிக்கை எந்தத் தொழிற்சாலையும் கொட்டவில்லை. இமயமலைப் பாறைகள் சிதைந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்து வந்த வண்டலோடு வந்தது அது. வழியில் துருப்போன்ற இரும்புச் சேர்மங்கள் மண்துகள்களின் மேல் படிந்திருக்கும். ஆர்சனிக் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டிருக்கும்வரை தொல்லையில்லை. அந்த வண்டலோடு இலைதழைகளும் புதைந்து மட்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அந்த ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் இரும்பைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அப்போது இரும்பு கரைகிறது, கூடவே ஆர்சனிக்கும் அவிழ்ந்து நீரில் இறங்குகிறது. இது கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் படிந்த இளம் வண்டலில்தான் அதிகம் நடக்கிறது. பெரும்பாலும் 150 மீட்டருக்குக் கீழே உள்ள பழைய மணலில் ஆர்சனிக் மிகக் குறைவு. காற்றுப்படும் திறந்த கிணறுகளிலும் பொதுவாகக் குறைவுதான். குழாய்க் கிணறுகளில் மிகப் பல இறங்கி நின்றது சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில். அதிலும் ஒரு வீட்டுப் பம்பில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இருக்கும், இருபதடி தள்ளி அடுத்த வீட்டில் 300 இருக்கும். எந்தக் கணக்கைக் கொண்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒவ்வொரு பம்பையும் அளந்தே ஆகவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வகுத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இந்தியாவும் அதையே ஏற்றிருக்கிறது. வங்கதேசத்தில் 50. சிவப்புச் சாயம் அந்த 50-ஐத் தாண்டிய பம்புகளுக்குத்தான். ஆக, பச்சைப் பம்புகளிலும் ஒரு பகுதி உலக வரம்பைத் தாண்டியவையே.

வேலை நிமித்தம் நான் கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹாப்ரா பக்கம் சில காலம் குடியிருந்தேன். வடக்கு 24 பர்கனாஸ் மாவட்டம் ஆர்சனிக் பாதிப்பில் பேர்போனது. வீட்டுக்கார அம்மாவை எல்லோரையும்போல நானும் 'மாஷிமா' என்றுதான் கூப்பிடுவேன். சாப்பாடு பரிமாறும்போது அவர் உள்ளங்கை கண்ணில் படும். அரிசிமணி பதித்ததுபோல் முண்டு முண்டாக இருக்கும். உழைத்துக் காய்த்த கை என்றே யாரும் நினைப்பார்கள். அவருடைய தங்கையை, அந்தத் தோலைப் பார்த்துத் தொழுநோய் என்று சொல்லி மாமியார் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "வியாதி தொற்றாது, தண்ணீரால் வந்தது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார், காகிதத்தை யார் படித்தார்கள்?" என்று மாஷிமா கேட்டதற்கு நான் என்ன சொல்வேன்? இப்படிப் பெண்கள் ஒதுக்கப்பட்டதும், திருமணங்கள் முறிந்ததும், பிள்ளைகளைப் பள்ளியில் தள்ளி உட்காரவைத்ததும் இரண்டு வங்கங்களிலும் பரவலாகப் பதிவாகியிருக்கின்றன.

தோலில் தெரிவது தொடக்கம் மட்டுமே. அதுவே பல ஆண்டுகள் குடித்த பிறகுதான் வெளிவரும். நுரையீரல், சிறுநீர்ப்பை, தோல் ஆகியவற்றில் புற்றுநோய், இதய ரத்தக்குழாய் நோய், குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் பின்னடைவு என்று உள்ளே நடப்பது நீளமானது. சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரம் இதற்குக் கொடுமையான சாட்சி. 1958-இல் அந்த நகருக்குப் புதிய ஆற்று நீரைக் கொண்டுவந்தார்கள். அதில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்சனிக். 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தபின் அளவு சட்டென இறங்கியது. நல்ல நீர் வந்துவிட்டதே என்று கதை முடியவில்லை. நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுச் சாவுகள் அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஏறிக்கொண்டே போயின. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அந்த நீரைப் பெற்றவர்கள் நடுவயதில் விலை கொடுத்தார்கள்.

உடலுக்குள் ஆர்சனிக் எப்படி வேலை செய்கிறது என்பது அதன் வடிவத்தைப் பொறுத்தது. தனிம அட்டவணையில் அது பாஸ்பரசுக்கு நேர் கீழே, 33-ஆம் இடத்தில் இருக்கிறது. ஆர்சனேட் என்னும் வடிவம் பாஸ்பேட்டை அச்சாக ஒத்திருப்பதால் பாஸ்பேட்டுக்கான வாசல் வழியாகவே செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. உயிரின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை உண்டாக்கும் இடத்தில் பாஸ்பேட்டின் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அந்தப் பிணைப்பு நிற்காமல் உடனே உடைந்துவிடும், ஆற்றல் வீணாகும். ஆர்சனைட் என்னும் இன்னொரு வடிவம் இன்னும் மோசம். அது புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. செல்லின் மூச்சுக்கு அவசியமான நொதிகள் அப்படியே முடங்கிப்போகின்றன. கல்லீரல் இதனோடு மெத்தில் என்னும் சிறு கரிமத் துணுக்கைக் கூட்டி, படிப்படியாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றப் பார்க்கும். அந்தத் திறன் ஆளுக்கு ஆள் மாறும். ஆண்டிஸ் மலையில், அர்ஜென்டினாவின் சான் அன்டோனியோ டி லோஸ் கோப்ரெஸ் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆர்சனிக் நீரைக் குடித்துவந்தவர்கள். இந்த மாற்றத்தை விரைந்து முடிக்கும் மரபணு வகை அவர்களிடம் மிகுதியாக இருக்கிறது. அது இயற்கைத் தேர்வு. அதற்குப் பின்னால் எத்தனை தலைமுறைக் குழந்தைகளின் சாவு இருக்கும் என்பதையும் நினைக்கவேண்டும்.

வடிவம் மாறினால் எல்லாம் மாறும் என்பதற்கு மீன் நல்ல சான்று. கடல் மீனிலும் இறாலிலும் மொத்த ஆர்சனிக் அளவைப் பார்த்தால் திடுக்கிட வைக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு ஆர்சனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மம். அது உடலில் எதையும் பற்றாமல், வந்த வடிவிலேயே சிறுநீரில் போய்விடும். 'மீனில் ஆர்சனிக்!' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மத்தி மீனை நிறுத்திவிடாதீர்கள்.

அரிசியின் கதை வேறு. நெல் வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணில் ஆக்சிஜன் குறைந்து, வங்கத்து ஆழ்மண்ணில் நடந்த அதே இரும்பு விளையாட்டு வயலிலும் நடக்கிறது. நெல் தன் தண்டையும் உமியையும் உறுதியாக்கச் சிலிக்காவை அள்ளி உறிஞ்சும் பயிர். அந்தச் சிலிக்காவுக்கான வாசல் வழியாகவே ஆர்சனைட்டும் வேருக்குள் போய்விடுகிறது என்று 2008-இல் கண்டார்கள். அதனால் மற்ற தானியங்களைவிட அரிசியில் ஆர்சனிக் கூடுதல், தவிட்டோடு உள்ள அரிசியில் இன்னும் கூடுதல். மேற்கு வங்கத்தில் செய்த ஒரு சமையல் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அரிசியை நன்கு களைந்து, ஆறு பங்கு நீர் வைத்து வேகவைத்து, கஞ்சியை வடித்துவிட்டால், அரிசியிலிருந்த ஆர்சனிக்கில் 57 விழுக்காடு வரை போய்விடுகிறது. நம் பாட்டிமார் செய்த வடித்த சோறு அதேதான். குக்கரில் தண்ணீர் முழுவதும் வற்றவிட்டால் எதுவும் போகாது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உலைநீர் நல்ல நீராக இருக்கவேண்டும். சிவப்புப் பம்பு நீரில் வடித்தால் சோறு நீரிலிருந்து ஆர்சனிக்கை வாங்கிக்கொள்ளும். மாஷிமா வீட்டிலும் சோறு வடித்துத்தான் செய்வார்கள். எந்தப் பம்பு நீரில் அது வெந்தது என்பதுதான் கேள்வி.

நஞ்சென்று நாம் ஒதுங்குவதை வாரிச் சேர்க்கும் உயிர்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மரங்களுக்குப் பூச்சி அரிக்காமல் ஆர்சனிக் மருந்து ஏற்றிவந்த இடத்தின் மாசுபட்ட மண்ணில் ஒரு பெரணி செழித்து வளர்ந்திருந்தது. டெரிஸ் விட்டாட்டா என்று பெயர். அது தன் இலைகளில் உலர் எடையில் 2 விழுக்காடு அளவுக்கு ஆர்சனிக்கைச் சேர்த்துவைக்கிறது என்று 2001-இல் எழுதினார்கள். நம் நாட்டிலும் பழைய சுவர்களின் இடுக்கில், கிணற்று ஓரங்களில் தானாக முளைக்கும் பெரணிதான் அது. பாக்டீரியாக்களோ ஆர்சனிக்கைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும் பம்பைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வைத்திருக்கின்றன.

இனி மருந்துக்கு வருகிறேன். தாளகமும் மனோசிலையும் சித்த மருத்துவர்களுக்குப் பழகிய சரக்குகள். இரண்டும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. வெள்ளைப் பாஷாணம் ஆர்சனிக் டிரையாக்சைடு. மேற்கிலும் 1786-இல் தாமஸ் ஃபவுலர் பொட்டாசியம் ஆர்சனைட் கரைசலைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார். அது நூறாண்டுக்கும் மேல் எல்லா நோய்க்கும் மருந்தாக ஓடியது. ஆர்சனிக் தோல் புற்றைத் தரும் என்பதும் அதைக் குடித்தவர்களால்தான் தெரியவந்தது. 1909-இல் பால் எர்லிக் ஆய்வகத்தில் சஹாச்சிரோ ஹாட்டா 606-ஆம் எண் ஆர்சனிக் சேர்மம் மேகநோய் எனும் சிஃபிலிஸின் கிருமியைக் கொல்வதைக் கண்டார். பெனிசிலின் வரும்வரை அதுவே கதி.

என் பெரியம்மா மகனுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தபோது அவனுக்கு வந்திருந்தது ஏ.பி.எல். என்ற வகை. ரத்தம் உறையாமல் ஒரு வாரத்திலேயே ஆளை முடித்துவிடக்கூடியது. சிகிச்சைக்கு மருத்துவர்கள் சொன்ன மருந்து ஆர்சனிக் டிரையாக்சைடு. அதாவது வெள்ளைப் பாஷாணம். "பாஷாணத்தையாடா எம்புள்ளைக்கு ஏத்துறாங்க?" என்று பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஆமா பெரியம்மா, ஆனா அளந்து ஏத்துறாங்க" என்றேன். அவன் இன்று லாரி செட்டில் கணக்கு எழுதுகிறான்.

இந்தச் சிகிச்சை 1970-களில் சீனாவின் ஹார்பினில் தொடங்கியது. நாட்டு வைத்தியத்தில் புழங்கிய ஒரு கலவையை எடுத்து, அதில் வேலை செய்வது ஆர்சனிக்தான் என்று ஜாங் டிங்டாங் குழு கண்டுகொண்டது. ஏ.பி.எல். நோயில் இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டி ஒரு கள்ளப் புரதம் உருவாகும்; அதுதான் ரத்தச் செல்களை முதிரவிடாமல் தடுப்பது. ஆர்சனிக் அந்தப் புரதத்தின் கந்தகத்தைப் பற்றி, அது சிதையும்படி செய்கிறது. கிராமத்தார் உடலில் நொதிகளை முடக்கிய அதே பிடிதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், விலையுயர்ந்த மருந்துகள் வாங்க வழியில்லாத நோயாளிகளுக்காகத் தங்கள் மருந்தகத்திலேயே தயாரித்த ஆர்சனிக்கை மட்டும் கொண்டு 1998-இலிருந்து சிகிச்சை செய்தார்கள். 72 நோயாளிகளில் 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாக அடங்கியதை 2006-இல் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும்போது, அபாயம் குறைந்த பிரிவினரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

பெரியம்மாவுக்குச் சொன்னதைக் கணக்காகவும் சொல்கிறேன். மருந்தின் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.15 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 9 மில்லிகிராம். சில மாதங்களில் முடிந்துவிடும். அந்த மாதங்களில் அடிக்கடி இ.சி.ஜி. எடுப்பார்கள், ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் பார்ப்பார்கள், ஆர்சனிக் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால். லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் உள்ள பம்பில் நாளுக்கு மூன்று லிட்டர் குடிப்பவருக்குச் சேர்வது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மருந்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் பத்தாண்டில் அது மூன்று கிராமைத் தாண்டும், இ.சி.ஜி. எடுக்க யாரும் வரமாட்டார்கள். ஆகவேதான் 'சித்தர்கள் சொன்னது', 'சீனர்கள் நிரூபித்தது' என்று யூடியூபில் பாஷாண மருந்து விற்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. என்ன சேர்மம், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், யார் கண்காணிப்பில் என்ற நான்குக்கும் பதில் இல்லாத பொட்டலத்தை வாயில் போடாதீர்கள். தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் இவற்றைக் கேட்கத் தயங்கவும் வேண்டாம்.

அளப்பதும் அப்படியொன்றும் கடினமில்லை. 1836-இல் ஜேம்ஸ் மார்ஷ் ஒரு சோதனை வகுத்தார். துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் பொருளிலுள்ள ஆர்சனிக் ஆர்சைன் வாயுவாக வெளியேறும். அதைச் சூடாக்கினால் கண்ணாடியில் கருப்பாய்ப் படியும். ஐரோப்பாவில் வாரிசுகள் சொத்துக்காக விஷம் வைத்த காலம் அது. நீதிமன்றத்தில் அவர்களைச் சிக்கவைத்தது இந்தச் சோதனை. வங்கக் கிராமங்களில் சுற்றிய சோதனைப் பெட்டியும் அதன் வழிவந்ததுதான். ஒரு சிறு புட்டி நீரில் அமிலமும் துத்தநாகப் பொடியும் போட்டு, மேலே ஒரு ரசாயனப் பட்டையைச் செருகினால், மஞ்சளிலிருந்து பழுப்புவரை அது மாறும் நிறத்தைக்கொண்டு அளவைச் சொல்லிவிடலாம்.

2000-இல் வங்கதேசத்தின் அராய்ஹஸார் பகுதியில் சுமார் 12,000 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைக் கொலம்பியா பல்கலைக்கழகம் தொடங்கியது. 2010-இல் வந்த முடிவில், அங்கே நேர்ந்த மொத்தச் சாவுகளில் ஐந்தில் ஒன்று 10 மைக்ரோகிராமைத் தாண்டிய ஆர்சனிக்கோடு தொடர்புள்ளது என்று தெரிந்தது. ஆனால் 2016-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு போய்ப் பார்த்தபோது ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் இன்னும் அந்த நீரையே குடித்துக்கொண்டிருந்தார்கள். அரசு செலவில் போட்ட ஆழ்குழாய்க் கிணறுகளில் பல, அரசியல் செல்வாக்குள்ளவர்களின் வீட்டு வாசலில் இருந்தன. சாயம் வெளுத்துப்போன பம்புகள் அப்படியே இருக்க, புதிதாகப் போட்ட பம்புகளைச் சோதிப்பார் அன்று இருக்கவில்லை.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். நமக்கு நிலத்தடி நீரில் பெரிய தொல்லை ஃபுளூரைடுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காவிபடிந்த பற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் புதிதாக போர் போடுகிறவர்கள் தண்ணீரை ஒருமுறையாவது ஆய்வகத்துக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. பொதுமக்கள் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். கடினத்தன்மை, உப்பு, ஃபுளூரைடு, நைட்ரேட் போன்றவை வழக்கமான பட்டியலில் வந்துவிடும். ஆர்சனிக்கும் உலோகங்களும் அதில் சேருமா என்று கேளுங்கள். சேராது என்றால் தனியாக எழுதிக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.